தடித்த எழுத்தில் 5.2

எங்கள் லேபில் ரத்த ரிப்போர்ட் அச்சடிக்கிற மென்பொருளில் ஒரு வரி இருக்கிறது. என்.எல்.ஆர். ரத்த வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் ஒரு வகை, லிம்ஃபோசைட் இன்னொரு வகை; முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருகிற எண். மெஷின் இதைத் தனியாக அளப்பதில்லை. ஏற்கெனவே எண்ணி வைத்த இரண்டை எடுத்து மென்பொருளே வகுத்துப் போட்டுவிடும். ரீஏஜென்ட் செலவு கிடையாது, கூடுதலாக ஒரு சொட்டு ரத்தம் வேண்டாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை ஓடிக்கொண்டிருந்தபோது நான்தான் அந்த வரியைச் சேர்த்தேன். அப்போது சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின் எல்லாம் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்ட வார்த்தைகள். டாக்டர்கள் என்.எல்.ஆர். கேட்டார்கள், சேர்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் ‘1 முதல் 3 வரை’ என்று நார்மல் அளவையும் நானே தட்டினேன். அதைத் தாண்டினால் எண் தடித்த எழுத்தில் விழும். அலை ஓய்ந்தது, கேட்ட டாக்டர்கள் மறந்தே போனார்கள், வரி மட்டும் தங்கிவிட்டது. சர்க்கரை பார்க்க வருகிறவர், காய்ச்சலுக்கு வருகிறவர், கல்யாணத்துக்கு முன்னால் பிளட் குரூப்போடு சேர்த்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று வருகிற பையன், எல்லோருக்கும் அந்த வரி போனது. 

பெரியப்பாவுக்கும் போனது.

பெரியப்பாவுக்கு அப்போது 68. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து நூற்றுச் சொச்சம் மரத்தை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனபிறகு, அறுபது வயசுக்கு மேல் மறுபடி கன்று வைத்து, தானே தண்ணீர் பாய்ச்சி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். 2023 பிப்ரவரியில் ராத்திரி நான்கைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார் என்று பெரியம்மா சொல்ல, உள்ளூர் டாக்டர் ஒரு சீட்டில் டி.சி. (வெள்ளை அணு வகைக் கணக்கு), சர்க்கரை, கிரியேட்டினின், யூரின், பி.எஸ்.ஏ. என்று எழுதிக் கொடுத்தார். பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்த டெஸ்ட். அது எங்களிடம் இல்லை, சீரம் பிரித்துத் தஞ்சாவூருக்கு அனுப்புவோம். மறுநாள் வந்தது: 6.8. 

என் பதினெட்டு வருஷத் தொழிலில் 6.8-ஐ எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறேன். 4-க்கு மேல், 10-க்குள். சிறுநீர்ப் பாதையைப் பார்க்கிற யூராலஜிக்காரர்கள் இதைச் சாம்பல் பிரதேசம் என்பார்கள். இந்த அளவில் இருக்கிற நாலு பேருக்குச் சதைத் துண்டு எடுத்து பயாப்ஸி செய்தால் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும், மற்ற மூவருக்கு வயசான வீக்கமோ அழற்சியோ இருக்கும். பி.எஸ்.ஏ. புற்றுநோய் சுரக்கிற பொருள் இல்லை. புராஸ்டேட் சுரக்கிற பொருள். சுரப்பி பெருத்தாலும் ஏறும், கிருமி புகுந்தாலும் ஏறும், யூரின் அடைத்துக்கொண்டு டியூப் போட்டாலும் ஏறும். சரி, நாலில் ஒன்று. நான் பதறவில்லை. தஞ்சாவூரில் யூராலஜி டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றுதான் சொன்னேன்.

பதறியது தங்கச்சி. பெரியப்பாவின் மகள், பெங்களூரில் இருக்கிறாள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு போன். 

“அண்ணே, என்.எல்.ஆர். 5.2-ன்னு போல்டுல இருக்கே, பாத்தியா?”

பார்க்கவில்லை. நான் அச்சடித்த ரிப்போர்ட், நான் சேர்த்த வரி, என் கண் அதில் நிற்கவே இல்லை. அவள் அதற்குள் மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துவிட்டிருந்தாள். பி.எஸ்.ஏ. 4-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு என்.எல்.ஆர். கூடுதலாக இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல் என்று ஒரு கட்டுரை. அவள் முட்டாள் இல்லை. கட்டுரையில் அப்படித்தான் இருந்தது.

குரைக்கிற நாய்

அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்பது நேற்று முளைத்த பேச்சு இல்லை. 1863-லேயே ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ கட்டித் திசுக்களுக்குள் வெள்ளை அணுக்களைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட உறுத்தல் இருக்கிற இடத்தில்தான் கட்டி வருகிறது என்று சொன்னார். அழற்சி வந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. என்ற புரதத்தை 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். என்.எல்.ஆர். இன்னும் இளசு. 2001-இல் ஸ்லோவாக்கியாவில் சாஹோரெட்ஸ் என்ற டாக்டர், ஐ.சி.யூ.வில் இருக்கிற நோயாளிகள் எவ்வளவு மோசமாக இருக்கிறார்கள் என்று சட்டென்று கணிக்க இந்த வகுத்தலை முன்வைத்தார். உடம்புக்கு ஒரு அடி விழுந்தால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும். இரண்டையும் வகுத்தால் அடி எவ்வளவு பலம் என்று ஒரே எண்ணில் தெரியும். அப்புறம் ஒவ்வொரு துறைக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். இதயம், நுரையீரல், குடல், கடைசியில் புராஸ்டேட்.

முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் இந்த எண்ணுக்கு மரியாதை உண்டு. எலும்புக்குப் பரவி, ஹார்மோன் ஊசிக்கும் அடங்காமல், கீமோ வரைக்கும் போனவர்களில் என்.எல்.ஆர். கூடுதலாக இருக்கிறவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நோய் உடம்பு முழுக்க இருக்கிறது, ரத்தத்தில் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. நம் கேள்வி அது இல்லையே. சுரப்பிக்குள் ஒரு மூலையில் கடலைப் பருப்பு அளவுக்கு உட்கார்ந்திருக்கிற ஒன்று, கையில் குத்தி எடுத்த ரத்தத்தின் வெள்ளை அணுக் கணக்கை அசைக்குமா என்பதுதான் கேள்வி.

நான் தொழில் பழகிய லேபின் டாக்டர் ஈ.எஸ்.ஆர்.பற்றி ஒன்று சொல்வார். அந்தக் காலத்து அழற்சி டெஸ்ட் அதுதானே. கண்ணாடிக் குழாயை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்போம். “தம்பி, இது வாசல்ல கட்டின நாய். திருடனுக்கும் குரைக்கும், தபால்காரனுக்கும் குரைக்கும்” என்பார். அதைத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அப்ப இப்ப எதுக்குக் குரைக்குதுன்னு பாரு” என்றாள்.

நியாயம்தான். மறுநாள் பார்த்தேன்.

இருநூறு செல்

மெஷின் வந்தபிறகு ஸ்லைடு பார்க்கிற வேலை குறைந்துவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் அதுதான் கோர்ட். ஃபிரிட்ஜில் ஊதா மூடி போட்ட டியூபில் பெரியப்பாவின் ரத்தம் மிச்சம் இருந்தது. ஆனால் ஒரு நாள் தாண்டிய ரத்தத்தில் செல்கள் உருக்குலைந்துவிடும். வீட்டுக்கே போய்ப் புதிதாக எடுத்து வந்தேன். ஒரு சொட்டு வைத்து இழுத்து, லீஷ்மேன் சாயம் ஊற்றி, காயவைத்து, எண்ணெய் விட்டு, 100 லென்ஸில் வைத்தேன். எண்ணும் கருவியின் பித்தான்களில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை இறக்கினால் ஒரு நிம்மதி வரும் எனக்கு. ஊதாக் கரு மூன்று நான்காகப் பிளந்திருந்தால் பாலி, அதாவது நியூட்ரோஃபில். முழு வட்டமாக, அடர்த்தியாக, ஓரத்தில் மட்டும் நீலக் கோடு தெரிந்தால் லிம்ஃபோ. வழக்கமாக நூறு எண்ணுவோம். அன்று இருநூறு எண்ணினேன்.

பாலி 157. லிம்ஃபோ 30. வேறொரு வகையான மோனோ 13. வகுத்துப் பார்த்தேன், 5.23. மெஷின் பொய் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு விஷயம் இடித்தது. இவ்வளவு பாலி ஏறுகிற அளவுக்குக் கிருமி இருந்தால் எலும்பு மஜ்ஜை அவசரமாக இளம் செல்களை வெளியே தள்ளும்; செல்லுக்குள் கரும்புள்ளி மாதிரித் துகள்கள் தெரியும். இதில் எல்லாம் முதிர்ந்த, சுத்தமான பாலிகள். இன்னொன்று, இயோசினோஃபில் என்கிற வெள்ளை அணுவின் பித்தானை நான் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம், தோப்பிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடக்கிற ஆளுக்கு, நூற்றுக்கு நாலோ ஆறோ இருக்கும் அந்த ஆரஞ்சு செல். இருநூறில் ஒன்றுகூட இல்லை. பாலி ஏறி, லிம்ஃபோ இறங்கி, இயோசினோ துடைத்த மாதிரி காணாமல் போயிருந்தால், எனக்குத் தெரிந்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “பெரியப்பா, முட்டிவலிக்கு என்ன சாப்பிடுறீங்க?”

“ஒண்ணுமில்லடா. சந்தையில ஒருத்தன் பொட்டலம் தர்றான். மூலிகைதான். சாப்பிட்டா மறுநாளே வலி ஓடிப்போயிடுது.”

பழைய நாளிதழில் மடித்த பொட்டலம். உள்ளே ஒரு பழுப்பு உருண்டை, அதோடு கூட இரண்டு சின்ன வெள்ளை மாத்திரை. மூலிகைக்கு யார் வெள்ளை மாத்திரை கொடுக்கிறார்கள்? டாக்டரிடம் எடுத்துப் போனேன். ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். மூன்று மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். முகம் உப்பியிருந்ததை நாங்கள் எல்லோரும் ‘உடம்பு தேறிட்டாரு’ என்று நினைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று, பிரெட்னிசோலோன் எழுதிக் கொடுத்து ஐந்து வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். கூடவே யூரின் சுலபமாகப் போக டாம்சுலோசின்.

ஸ்டீராய்டு உள்ளே போனால், ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற நியூட்ரோஃபில் எல்லாம் இறங்கி ஓட்டத்தில் கலந்துவிடும். லிம்ஃபோசைட்டும் இயோசினோஃபிலும் குறைந்துவிடும். 5.2-க்கு அதுதான் காரணம். தங்கச்சிக்கு போன் போட்டு விளக்கினேன். அவள் அழுதாள், நிம்மதியில். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தே சந்தைக்காரனைப் பிடித்தவன் அல்லவா.

நான் சொன்ன வார்த்தை

ஏப்ரல் கடைசியில், கடைசி மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்து, மறுபடி ரத்தம் எடுத்தேன். பாலி 58, லிம்ஃபோ 31, இயோசினோ 5. என்.எல்.ஆர். 1.87. மெல்லிய எழுத்து. பி.எஸ்.ஏ. 6.2.

பெரியப்பா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரிப்போர்ட்டைத் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்து, “பாருங்க பெரியப்பா, நார்மல் ஆயிடுச்சு. பி.எஸ்.ஏ.வும் இறங்குது. பயப்பட ஒண்ணுமில்ல” என்றேன்.

இதைத்தான் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. 6.8-இலிருந்து 6.2 என்பது இறக்கமே இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை பார்த்தாலே அந்த அளவு மாறும். டாம்சுலோசின் யூரின் பாதையைத் தளர்த்துகிற மாத்திரை, அதனால் தூக்கம் வந்ததற்கும் கட்டி இருக்கிறதா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. என்.எல்.ஆர். 5.2-ஆக இருந்தது புற்றுநோயால் இல்லை என்றால், 1.87 ஆனதும் புற்றுநோய் இல்லாததால் ஆகாது. நாய் தபால்காரனைப் பார்த்துக் குரைத்தது, தபால்காரன் போனதும் அடங்கியது. வீட்டுக்குப் பின்னால் திருடன் இருக்கிறானா என்ற கேள்வி அப்படியே கிடந்தது. பிப்ரவரியில் நாலில் ஒன்று, ஏப்ரலிலும் நாலில் ஒன்று. இது எல்லாம் தெரிந்த ஒருவன், தான் கண்டுபிடித்த விடை சரியாக வந்த சந்தோஷத்தில், கேட்காத கேள்விக்கும் அதையே விடையாகக் கொடுத்துவிட்டான்.

டாக்டர் எழுதிய யூராலஜி சீட்டு பெரியம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் போனது. தென்னைக்குத் தண்ணீர், அப்புறம் ஒரு கல்யாணம், அப்புறம் மழை. யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டிலேயே லேப்காரன் இருக்கிறான், அவனே சொல்லிவிட்டான்.

டிசம்பரில் வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது, எனக்கு என்னவோ உறுத்தி, சொல்லாமல் பி.எஸ்.ஏ.வும் அனுப்பினேன். 9.4. என்.எல்.ஆர். 1.9, அதே மெல்லிய எழுத்து.

வேறொரு வகுத்தல்

ஜனவரியில் தஞ்சாவூர். யூராலஜி டாக்டர் விரல் வைத்துப் பார்த்தார், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். சுரப்பி 48 மி.லி., வலது பக்கம் ஒரு இடத்தில் பைராட்ஸ் 4, அதாவது ஐந்து வரை போகிற சந்தேக அளவில் நாலு. அவர் பிரிஸ்கிரிப்ஷன் பேப்பரின் ஓரத்தில் 9.4-ஐ 48-ஆல் வகுத்தார். 0.19 சொச்சம். “0.15 தாண்டினா நான் சும்மா விடறதில்ல” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவரும் இரண்டு எண்ணை வகுக்கிறார், நானும் வகுத்தேன். அவர் வகுத்த இரண்டும் அந்தச் சுரப்பியைச் சேர்ந்தவை. நான் வகுத்த இரண்டும் ஊரெல்லாம் சுற்றுகிறவை. பல்லில் சீழ் பிடித்தாலும் மாறும், சிகரெட் பிடித்தாலும் மாறும், சந்தையில் பொட்டலம் வாங்கினாலும் மாறும்.

என்.எல்.ஆர்.பற்றி அவரிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அப்புறம் நானே உட்கார்ந்து, தங்கச்சி அனுப்பியதையும் அது சுட்டிய மற்றவற்றையும் படித்தேன். கஷ்டமான படிப்பு இல்லை, லேப்காரனுக்குப் பழகிய விஷயங்கள்தான். பெரும்பாலும் ஒரு ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல்களை எடுத்து, பி.எஸ்.ஏ. கூடிப் போய் பயாப்ஸி செய்துகொண்டவர்களின் டி.சி.யை வகுத்துப் பார்க்கிறார்கள். எந்த அளவுக்கு மேல் ‘கூடுதல்’ என்று வைத்தால் நன்றாகப் பிரிகிறதோ அதையே எல்லையாக வைக்கிறார்கள். அதனால் எல்லை கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது. சிலவற்றில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கூடுதல், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. இப்படிப்பட்ட டெஸ்ட்டுக்கு மதிப்பெண் போடுகிற முறையில் 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவது, 1 என்றால் தப்பே செய்யாதது. பலவற்றில் என்.எல்.ஆர். அந்தக் காசை விட்டு வெகுதூரம் போவதில்லை. இதில் ஆச்சரியமும் இல்லை. புற்றுநோய் இல்லாதவர்கள் என்று எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார்களே, அவர்களின் சுரப்பிகளிலும் அழற்சி இருக்கிறது. வயசான புராஸ்டேட்டில் அழற்சி இல்லாததைத் தேடிப் பிடிக்க வேண்டும். 

பி.எஸ்.ஏ. மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில், பி.எஸ்.ஏ. ஒரு தடவைகூட 4-ஐத் தாண்டாத 2,950 பேருக்கு ஆய்வின் முடிவில் பயாப்ஸி செய்து பார்த்தார்கள். 449 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 2004-இல் வந்தது அது. அதில் பல, வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே இருந்திருக்கக்கூடிய சின்ன விஷயமாகக்கூட இருந்திருக்கலாம், அது வேறு சண்டை. ஆனால் அந்த 4 என்கிற கோட்டையும் ஒரு காலத்தில் யாரோ என்னை மாதிரி ஒருவர்தான் கட்டத்தில் தட்டியிருப்பார் என்று தோன்றியது.

பெரியப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை நான்தான் முதலில் படித்தேன். வலது பக்கத் துண்டுகளில் புற்றுநோய், அதன் தீவிரத்தைச் சொல்கிற கிளீசன் அளவு 3+4. மற்ற துண்டுகளில் புற்றுநோய் இல்லை. ‘நாள்பட்ட அழற்சி’ என்று எழுதியிருந்தது. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சுரப்பிக்குள் அழற்சியும் இருந்திருக்கிறது, கட்டியும் இருந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைக்கூட ரத்தத்தின் 1.9 எனக்குச் சொல்லவில்லை. 

எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரேடியேஷன் 20 நாள். தினமும் காலை பஸ், மத்தியானம் திரும்ப வந்து தோப்பு. எட்டு மாதம் தள்ளிப்போனதால் ஏதாவது ஆகியிருக்குமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இது மெதுவாகப் போகிற வகை, பெரிதாக மாறியிருக்காது என்றார். பெரியப்பாவிடமும் நடந்ததைச் சொன்னேன், நான் அவசரப்பட்டு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று. அவர் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. “அந்தச் சந்தைக்காரன் மறுபடி கடை போட்டிருக்கான், பாத்தியா?” என்றார்.

மென்பொருளில் அந்த வரியை எடுத்துவிடப் போனேன், இரண்டு மூன்று தடவை. எங்களிடம் ரத்தம் கொடுக்கிற இரண்டு பேர் தஞ்சாவூரில் கீமோ எடுக்கிறார்கள். அவர்களின் டாக்டர் அந்த எண்ணைக் கேட்டுத்தான் வாங்குகிறார். அதனால் வரியை விட்டுவிட்டு, பக்கத்தில் நான் தட்டிய ‘1 முதல் 3 வரை’யை மட்டும் அழித்தேன். தடித்த எழுத்தும் போய்விட்டது.

போன வாரம் பெரியப்பா பி.எஸ்.ஏ.வுக்கு வந்தார். ரேடியேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். அந்த இடத்தில் விரல் நின்றது.

“டேய், இதுக்கு நேரா ஒண்ணும் போடலையே?”

“ஆமா பெரியப்பா, போடல.”

“மறந்துட்டியா?”

“இல்ல” என்றேன். அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீ சொல்லச் சொன்னார்.